தார்ப் பாலையின் ஆநிரைகள்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு என்பது தமிழ் அறிந்தார் யாவர்க்கும் தெரியும். மேற்கு ராஜஸ்தானத்தில் இவ்வுறவு மறுதலையாக வழங்குகிறது. அங்கே 'தன்', அதாவது தனம் என்னும் சொல்லே கால்நடையைக் குறிக்கும். ஒருவரிடம் எவ்வளவு 'தன்' உள்ளது என்று கேட்டால், அவர் தம் பசுக்களையும் ஆடுகளையும் ஒட்டகங்களையும் எண்ணிச் சொல்வார். இது அந்நாட்டார்க்கு மட்டும் உரிய வழக்கும் அன்று. தத்துவார்த்த சூத்திரத்தில், பரிக்கிரகத்துக்கு அளவு வகுத்துக்கொள்ளும் விரதத்தின் அதிசாரங்களைக் கூறும் இடத்தில் 'தனம்' என்னும் சொல் வருகிறது. ஆசாரியர் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் அச்சொல்லுக்குப் பசு முதலியன என்றே பொருள் கண்டார். செல்வம் நான்கு காலால் நடந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலம் மிக அண்மைவரை நீடித்த நிலங்களுள் ஒன்று தார்ப் பாலை.

நம் குடும்பத்தார் பலர் வடநாட்டு யாத்திரையில் ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குப் பேருந்தில் சென்றிருப்பர். கோட்டைக்குள்ளே மஞ்சள் நிறக் கல்லில் இழைத்த ஜினாலயங்களை வியந்தவர்கள், வழியில் கண்ட நிலத்தை வெறும் மணல் என்று எண்ணிக் கண்ணயர்ந்திருக்கவும் கூடும். முதன்முறை நானும் அவ்வாறே உறங்கினேன். திரும்பும் வழியில் வண்டி நின்ற இடத்தில் நிழல் தந்த மரத்தை அண்ணாந்து பார்த்தபோதுதான் அது நம்மூர் வன்னி என்று தெரிந்தது. அவர்கள் அதனைக் 'கேஜ்டி' என்கின்றனர். அதன் இலை கால்நடைக்குத் தீவனம். காய் மனிதர்க்குக் கறி. மணலில் ஆங்காங்கே நின்ற புல்லும் நமக்குப் புதியதன்று. அவர்கள் 'தாமண்' என்று சொல்லும் அப்புல், காங்கேயம் பகுதிக் கொறங்காடுகளில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்லே ஆகும்.

தார்ப் பாலை சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பெரும்பகுதி ராஜஸ்தானத்திலும் ஒரு பகுதி பாகிஸ்தானத்திலும் கிடக்கிறது. ஜோத்பூரில் ஆண்டு மழை ஏறத்தாழ 35 செ.மீ.; ஜெய்சல்மேரில் ஏறத்தாழ 20 செ.மீ. அதுவும் ஜூலை முதல் செப்டம்பர் வரை சில நாள்களில் பெய்து தீர்ந்துவிடும். அம்மழையை நம்பிக் கம்பு விதைத்தவன் பல ஆண்டுகள் ஏமாறுவான். புல் அவ்வளவு எளிதில் ஏமாறாது. ஜெய்சல்மேர், பிகானீர்ப் பகுதிகளின் தலையாய புல்லான 'சேவண்' பல ஆண்டு வாழ்வது. மணலுக்குள் ஆழ வேரோடுவது. கோடையில் காய்ந்த குச்சிக் கட்டுபோல நிற்கும் அது, மழை விழுந்த சில நாள்களில் பசுமை கொள்ளும். முல்லை வெம்மையுற்றால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கண்ட உண்மையை அந்நிலம் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகிறது. மழைக்குப் பின் அது முல்லை. பங்குனி கடந்தால் பாலை. எனவே அங்கு வாழ்ந்தோர் உழவை ஒரு கையிலும் ஆநிரையை மறு கையிலும் பற்றிக்கொண்டனர். உழவு பொய்த்த ஆண்டில் ஆநிரை சோறிட்டது.

இப்பாலையின் வடவிளிம்பில், காக்கர் ஆற்றங்கரையில் உள்ள காலிபங்கனில் சிந்துவெளி நாகரிகத்துக்கும் முற்பட்ட உழுத வயலின் சுவடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏர் பூட்ட எருது அன்றே இருந்தது என்பதற்கு அது சான்று. ஆயினும் பாலையின் உட்பகுதியில் ஆநிரை வாழ்வு எவ்வாறு இருந்தது என்பதை மண்ணைவிட வாய்மொழியே மிகுதியாகச் சொல்கிறது. மார்வாரின் நாட்டார் வணங்கும் வீரர் பலர் ஆநிரை மீட்டு மாண்டோர். பாபுஜி ராத்தோட், தேவல் என்னும் சாரணர் குலப் பெண்ணின் பசுக்கள் கவரப்பட்டதைக் கேட்டுத் தம் திருமணச் சடங்கின் நடுவிலேயே எழுந்து சென்றவர். நாகௌர்ப் பகுதியில் பிறந்த தேஜாஜி, லாச்சா என்னும் குஜ்ஜர் குலப் பெண்ணின் பசுக்களை மீட்டு வந்து உயிர் நீத்தவர். பாபுஜியின் கதையைப் 'போபா' எனப்படும் பாடகர்கள், அதனை வரைந்த நீண்ட சீலையை விரித்து வைத்து இரவு முழுதும் பாடுவர். திருவண்ணாமலையை அடுத்த செங்கம் பகுதியில் ஆநிரை மீட்டு மாண்டோர்க்கு நட்ட நடுகற்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இக்கதைகளின் உள்ளம் உடனே விளங்கும். ஆனிரையை இழந்த குடி அடுத்த கோடையைக் காணாது என்பதே அவ்வீரத்தின் அடியில் கிடந்த கணக்கு.

இனி, அந்நிலத்தில் மாடு வளர்த்த முறை. தொழுவத்தில் கட்டி வைத்துத் தீனி போடும் வழக்கம் பாலையில் செல்லாது. பசுக்கள் திறந்தவெளியில் விடப்படும். அவை தாமே மேய்ந்து, நீருக்கும் கன்றுக்குமாகத் திரும்பி வரும். எவருடைய மாடு எது என்று அறியக் குலந்தோறும் ஒரு சூட்டுக்குறி உண்டு. வழி தப்பிய மாட்டையும் களவு போன மாட்டையும் தேட 'பாகி' எனப்பட்ட தடம் காண்போர் இருந்தனர். மணலில் பதிந்த குளம்பைப் பார்த்து எந்த மாடு, எப்பொழுது, எத்திசை சென்றது என்று கூறும் திறம் அவர்களுக்கு இருந்தது. கிணறுகள் அறுபது மீட்டருக்கும் ஆழமானவை. நம் ஊர்க் கமலையைப் போன்ற தோற்சாலை ஒட்டகமோ எருதோ பூட்டி இழுப்பர். கயிற்றின் நீளம் மிகுதியாதலால் இழுக்கும் விலங்கு கண்ணுக்கெட்டாத் தொலைவு நடந்து சென்று திரும்ப வேண்டியிருந்தது.

பாலைப் பசுவினங்கள் மூன்று புகழ் பெற்றவை. வெண்சாம்பல் நிறத் தார்பார்கர், சிந்துவின் தார்பார்கர் மாவட்டத்துப் பெயரைத் தாங்கியது. வறண்ட மேய்ச்சலிலும் பால் குறையாதது. முதல் உலகப் போரின்போது மேற்காசியப் படை முகாம்களின் பால் தேவைக்கு அது கொண்டு செல்லப்பட்ட பின்னரே வெளியுலகு அதன் அருமையை அறிந்தது. பிகானீர்ப் பகுதியின் ராட்டி, 'ராட்' எனப்பட்ட முஸ்லிம் மேய்ப்பர்களால் பேணப்பட்டது. நாகௌரின் நாகோரி, எருதுக்குப் பெயர் பெற்றது, குதிரைபோல ஓடக்கூடியது.

இவ்வினங்களை வைத்து மேய்ப்பர் ஈட்டியது இரண்டு வழியில். ஒன்று நெய். பாலை விற்கச் சந்தை அருகில் இல்லை; நெய்யோ கெடாது, தொலைவு செல்லும். ஒட்டகத் தோலால் செய்த குப்பிகளில் அது வணிகர் கைக்குப் போயிற்று. தோலைத் தொடத் தயங்கும் மரபினரான நம் வடநாட்டு வணிகச் சகோதரர்கள் இதனை எவ்வாறு பொறுத்தனர் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. மற்றொன்று எருது. ஆண்கன்றுகளை வளர்த்து, நாகௌர், பர்பத்சர், தில்வாடா ஆகிய ஊர்ச் சந்தைகளில் வெளிநாட்டு உழவர்க்கு விற்றனர். தில்வாடாச் சந்தை லூணி ஆற்றின் வறண்ட படுகையில், பங்குனி சித்திரையில் மல்லிநாதர் என்னும் ராத்தோட் தலைவரின் பெயரால் கூடுவது. நாகோடாப் பார்சுவநாதர் தலத்துக்குச் செல்வோர் இறங்கும் பாலோத்ரா அதற்கு அருகில்தான் உள்ளது. ஆண்கன்றுக்கு விலை இருந்தவரை பாலையின் மேய்ப்பன் எந்தக் கன்றையும் பயனற்றது என்று கருதவில்லை. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டி வரும்.

இங்கே பிஷ்ணோயி மக்களைச் சொல்லாது கடக்க இயலாது. 1485-இல் ஜாம்போஜி வகுத்த இருபத்தொன்பது நெறிகளுள், பச்சை மரத்தை வெட்டாமையோடு, எருதுக்குக் காயடிக்காமையும் ஒன்று. உழவும் மாடும் வாழ்வாகக் கொண்ட குடி ஒன்று இந்நெறியை ஏற்றது வியப்புக்குரியது. வன்னி மரங்களைக் காக்க 1730-இல் கேஜட்லி ஊரில் அமிர்தா தேவியும் மற்றவரும் என 363 பேர் உயிர் கொடுத்த வரலாறு பலரும் அறிந்ததே. அதனை மரத்தின் மீது கொண்ட அன்பாக மட்டும் காண்பது குறைபாடு. பஞ்சத்தில் புல் அற்றபோது மாட்டுக்கு எஞ்சும் கடைசித் தீனி அம்மரத்தின் இலை.

மரத்தைக் காத்ததுபோல் புல்லையும் காத்தனர். ஊரின் தெய்வத்துக்கென ஒதுக்கிய காட்டுக்கு 'ஓரண்' என்று பெயர். ஆரண்யம் என்னும் சொல்லின் சிதைவு அது. அங்கே கோடரி செல்லாது, ஏர் செல்லாது. மாடு மட்டும் செல்லும். அரசர்கள் தம் நிரைகளுக்கென 'ஜோட்' எனவும் 'பீட்' எனவும் புல்நிலங்களை ஒதுக்கி வைத்தனர். நல்ல மழை பெய்த ஆண்டில் அறுத்த புல்லைப் போராக அடுக்கி முள்ளிட்டுப் பல ஆண்டு வைத்திருப்பதும் வழக்கம். மேயாது விட்ட புல்லே பாலையின் சேமிப்பு. அதுவும் தீர்ந்தால் நடை. மழை பொய்த்ததும் மேய்ப்பர் நிரைகளை ஓட்டிக்கொண்டு மாளவத்துக்கும் குஜராத்துக்கும் சிந்துவுக்கும் செல்வர். மறு மழைக்குத் திரும்புவர்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒருங்கே முறிந்த ஆண்டு விக்கிரம சகம் 1956, அதாவது 1899. அதனை இன்றும் 'சப்பனியா அகால்', ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம், என்கின்றனர். மார்வாரத்தார் பஞ்சத்தை வகைப்படுத்தி வைத்திருந்தனர். தானியம் பொய்த்தால் அன்னகால். நீர் பொய்த்தால் ஜலகால். புல் பொய்த்தால் திருணகால். மூன்றும் பொய்த்தால் திரிகால். சப்பனியா, திரிகால். வழக்கம்போல் மேய்ப்பர் நிரைகளை ஓட்டிக்கொண்டு மாளவம் நோக்கியும் குஜராத் நோக்கியும் புறப்பட்டனர். ஆனால் அவ்வாண்டு அங்கும் மழை இல்லை. புகலிடம் என்று சென்ற இடமே பஞ்ச பூமியாய்க் கிடந்தது. மனிதர்க்குத் தானியத்தை ரயில் கொண்டு வரலாம். வண்டி வண்டியாய் இடத்தை அடைக்கும் புல்லை லட்சக்கணக்கான மாடுகளுக்கு அவ்வாறு கொண்டு வர இயலாது. சாலையோரங்களில் நிரைகள் விழுந்தன. அவ்வாண்டுகளில் நம் நாட்டுத் தோல் ஏற்றுமதி பெருகியது என்பது வணிகக் கணக்கு வைத்திருக்கும் கொடுஞ் சாட்சி. மனிதக் கணக்கு இது: 1891-இல் 25 லட்சமாக இருந்த ஜோத்பூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1901-இல் 19 லட்சமாகக் குறைந்தது. பிகானீரில் 8.3 லட்சம் 5.8 லட்சமாயிற்று. ஜெய்சல்மேரில் 1.15 லட்சம் 73 ஆயிரமாயிற்று. இறந்தோரும் ஊர்விட்டு அகன்றோரும் இதில் அடங்குவர்.

நிரைகள் சென்று சேர்ந்த குஜராத்தில்தான் ஜைனர்களின் பாஞ்சராபோல்கள் செறிந்திருந்தன. அவை கோசாலைகள் அல்ல. கோசாலை பசுவைப் பேணும், பாஞ்சராபோல் எவ்வுயிரையும் ஏற்கும். பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் ரால்ஃப் ஃபிட்ச், விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் காம்பேயில் மருத்துவச் சாலைகள் இருப்பதை எழுதினார். 1834-இல் மும்பைப் பாஞ்சராபோல் மோதிசந்த் அமிசந்த் என்னும் ஜைன வணிகரும் ஜம்ஷெட்ஜி ஜீஜிபாய் என்னும் பார்சி வணிகரும் முன்னின்று தொடங்கியது. பருத்தி முதலிய சரக்குகளின் மீது வணிகர் தாமே விதித்துக்கொண்ட சிறு தீர்வையே இத்தகைய இல்லங்களுக்கு வருவாய்.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் அஹிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக ஐந்தைக் கூறினார்: உறுப்பைச் சிதைத்தல், கட்டுதல், வருத்துதல், மிகைச் சுமை ஏற்றுதல், உணவு மறுத்தல். ஐந்தும் மாட்டை வைத்திருப்பவன் நாள்தோறும் எதிர்கொள்பவை என்பது கவனிக்கத்தக்கது. பாஞ்சராபோல் ஐந்தாவதற்கு எழுந்த விடை எனலாம். ஆயினும் அறம் இருந்தும் புல் இல்லாதபோது அந்த இல்லத்தார் என்ன செய்திருக்க இயலும்? பஞ்சக் காலத்தில் வாயிலில் வந்து நின்ற மாட்டை ஏற்றாலும் உணவு மறுக்கும் நிலை. ஏற்க மறுத்தாலும் அதே நிலை. அவர்களைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை. ஆனால் இல்லத்தின் வாயிலை மாடு அடையும்போது காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது என்பதையும், அதன் உயிர் நூறு கல் தொலைவில் உள்ள ஓரணில் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அவ்வரலாறு காட்டுகிறது என்றே நான் கருதுகிறேன்.

சப்பனியாவைத் தம் ஆட்சியின் தொடக்கத்திலேயே கண்ட பிகானீர் மகாராஜா கங்கா சிங், சட்லெஜ் நீரைப் பாலைக்குக் கொணர்ந்தார். கங்கைக் கால்வாய் 1927-இல் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1958-இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து ஊட்டுக்கால்வாயையும் சேர்த்து 649 கிலோமீட்டர் ஓடி, 1980-களில் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டியது. இந்திரா காந்தியின் பெயர் பெற்றது. குடிநீரின்றித் தவித்த ஊர்களுக்கு அது வாழ்வளித்தது, இதில் ஐயமில்லை. ஆனால் அதன் பாசனப் பரப்புள் அகப்பட்டது வெறும் மணல் அன்று, சேவண் நிலம். அரசுப் பதிவேட்டில் 'தரிசு' என்று எழுதப்பட்டிருந்தது மேய்ப்பனின் கருவூலம். நிலம் சதுரம் சதுரமாக உழவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பல ஆண்டு நின்ற சேவண் தூர்களை டிராக்டரின் கொழு வேரோடு பெயர்த்தது. கோதுமையும் பருத்தியும் வந்தன. சில இடங்களில் நீர் தேங்கி உவரும் வந்தது.

நடையும் அடைபட்டது. 1947-இல் எல்லைக்கோடு பாலையின் நடுவே விழுந்தது. தார்பார்கர் பசுவின் பெயருக்குரிய மண் மறுபுறம் சென்றது. சில காலம் மேய்ப்பர் வழக்கம்போல் கடந்தனர். 1965, 1971 போர்களுக்குப் பின் அது அரிதாயிற்று. 1990-களில் முள்வேலி எழுந்தபின் முற்றும் நின்றது.

டிராக்டர் செய்த பெரிய மாற்றம் வேறு. எருதுக்கு விலை போயிற்று. நாகௌர்ச் சந்தையில் விற்பதற்கென வளர்த்த ஆண்கன்று, இப்போது எவரும் வேண்டாத வாய் ஆயிற்று. 1995-ஆம் ஆண்டின் ராஜஸ்தான் சட்டம் பசுவினத்தைக் கொல்வதைத் தடுத்ததோடு, அவற்றை வெளிமாநிலத்துக்குக் கொண்டு செல்வதையும் கட்டுக்குள் கொணர்ந்தது. கொலையைத் தடுத்ததை நாம் வரவேற்போம். விலைபோகாத கன்றுக்கு மேய்ச்சல் எங்கே என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் விடை இல்லை. விளைவு, சாலைகளில் திரியும் ஏறுகள். மேய்ப்பர் மெல்ல ஆட்டுக்கு மாறினர். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானத்தின் பசுவினம் சுமார் 1.39 கோடி, வெள்ளாடுகள் 2 கோடிக்கு மேல்.

கோசாலைகள் பெருகிவிட்டன. நம் இனத்தார் அனுப்பும் நன்கொடைகளும் அவற்றுக்குச் செல்கின்றன, செல்லட்டும். அதே வேளையில் ஓரண்கள் சுருங்குகின்றன. ஜெய்சல்மேரை அடுத்த தேக்ராய் ஓரண் போன்ற நிலங்களில் சூரிய மின் திட்டங்களும் காற்றாலை மின்கம்பிகளும் நுழைவதை எதிர்த்து ஊரார் பல ஆண்டுகளாகப் போராடுகின்றனர். பதிவேட்டில் அவற்றுட் பல இன்றும் தரிசு என்றே இருப்பது அவர்களுடைய இடர். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானத்தின் தெய்வக் காடுகளை ஒவ்வொன்றாக அளந்து வரைபடமாக்கிக் காடு என அறிவிக்க மாநில அரசுக்கு ஆணையிட்டது. அளவைப் பணி எவ்வளவு விரைவில் நடக்கிறதோ, அவ்வளவு புல் மிஞ்சும்.

பிகானீருக்குச் செல்வோர் ஊருக்கு வெளியே உள்ள ஜோட்பீட் என்னும் இடத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பெயரிலேயே புல் உள்ளது. ஒதுக்கி வைத்த மேய்ச்சல் நிலம் அது. ஒட்டக ஆய்வு மையமும் அப்பகுதியிலேயே உள்ளது. இன்று நகரத்திலும் சுற்றூர்களிலும் இறக்கும் மாடுகளை வண்டிகளில் கொண்டுவந்து கொட்டுவது அங்கேதான். 2022-இல் தோல் கழலை நோய் மேற்கு ராஜஸ்தானத்தில் பல்லாயிரம் பசுக்களைக் கொன்றபோது அவ்வண்டிகள் ஓயவில்லை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து மலைகளைக் கடந்து வரும் கழுகுகள் அங்கே நூற்றுக்கணக்கில் வன்னி மரங்களின் மேல் அமர்ந்திருக்கும். அவற்றைக் காண்பதற்கென்றே இப்போது பயணிகள் வருகின்றனர்.